ஆழம், வேகம், அப்புறம்தான் நிறம்

மீனை ஏமாற்றும் செயற்கை இரையான லூர் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எந்த நிறம் எடுக்கலாம்?" என்றுதான். "மீன் எந்த ஆழத்தில் நிற்கிறது?" என்று திருப்பிக் கேட்டால் முழிப்பார்கள். இரண்டடி ஆழத்தில் மேயும் மீனுக்குப் பத்தடி ஆழத்தில் ஓடும் லூர் கண்ணில் படப்போவதே இல்லை. அதற்கு எந்தச் சாயம் பூசி என்ன? என் பெட்டியில் லூர்களை நிறவாரியாக அடுக்குவதில்லை. மேல்தட்டில் மிதப்பவை, நடுவில் இடைநீரில் ஓடுபவை, அடியில் மூழ்குபவை.

எது எவ்வளவு இறங்கும் என்பதை உருவத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். கிராங்க்பெய்ட் எனப்படும் மீன் வடிவ லூரின் வாயடியில் ஒரு தகடு துருத்திக்கொண்டிருக்கும். அது குட்டையாகவும் செங்குத்தாகவும் இருந்தால் லூர் மேல்மட்டத்திலேயே ஓடும். நீளமாக, மூக்கின் நேர்க்கோட்டில் முன்னால் நீண்டிருந்தால் ஆழத்துக்குப் பாயும். தூண்டில் நரம்புக்கும் இதில் பங்கு உண்டு. தடித்த நரம்பை நீர் பிடித்து இழுப்பதால் லூர் மேலேயே தங்கிவிடும். மெல்லியதில் அதே லூர் இன்னும் கொஞ்சம் இறங்கும். லூர் வரும் அட்டையில் அச்சிட்டிருக்கும் ஆழத்தை ஒரு உத்தேசமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூழ்கும் லூர் என்றால் வாய்விட்டு எண்ணுங்கள். நீரில் விழுந்ததும் ஒன்று, இரண்டு என்று ஐந்து வரை எண்ணி இழுங்கள். அடுத்த வீச்சில் எட்டு, அதற்கடுத்து பத்து. தூண்டில் முள்ளில் பாசி வந்தால் அடியைத் தொட்டுவிட்டது என்று பொருள்; ஒன்றிரண்டு எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். மீன் எந்த எண்ணிக்கையில் அடித்ததோ, அதையே மறுபடி மறுபடி வீசுங்கள்.

அடுத்தது வேகம். ஃபின்லாந்து மீனவர் லாரி ரபாலா 1936-இல் தன் முதல் லூரைத் தக்கையில் செதுக்கினார். சாக்லேட் சுற்றிவந்த வெள்ளித்தாளை மேலே ஒட்டி, புகைப்பட நெகட்டிவை உருக்கிப் பூச்சாகப் பூசினார். கூட்டமாகப் போகும் சிறுமீன்களில் தடுமாறி நீந்தும் ஒன்றையே பெரிய மீன் தாக்குகிறது என்பதை அவர் கவனித்திருந்தார். அந்தத் தடுமாற்றத்தைத்தான் தக்கையில் கொண்டுவந்தார். நீங்கள் ரீலை, அதாவது நரம்பு சுற்றும் உருளையை, சுற்றுவதிலும் அது இருக்க வேண்டும். ஒரே சீராகச் சுற்றாதீர்கள். மூன்று சுற்று, ஒரு நிறுத்தம். இரண்டு சுற்று, ராடு எனும் தூண்டில் கம்பின் நுனியால் ஒரு சுண்டு. நிறுத்திய கணத்தில்தான் பல மீன்கள் அடிக்கின்றன. தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது மீனின் உடல் மந்தமாகிவிடும், துரத்தி வராது. அப்போது பாதி வேகம் போதும்.

ஸ்பூன் எனப்படும் கரண்டி வடிவ உலோக லூரை இழுப்பதைவிட விழவிடுவதில்தான் வித்தை. ராடை உயர்த்தி, நரம்பைத் தளரவிட்டால் அது மினுங்கிக்கொண்டே இறங்கும். அப்போது கண் நரம்பின் மேல் இருக்கட்டும். அது சட்டென்று துள்ளினாலோ ஒரு பக்கமாக நகர்ந்தாலோ உடனே ராடை வெடுக்கென்று உயர்த்தி முள்ளைக் குத்துங்கள். தகடு சுழலும் லூரான ஸ்பின்னர் நரம்பை முறுக்கிவிடும் என்பதால் சுழல் வளையம் இல்லாமல் கட்டாதீர்கள்.

பாசியும் அல்லியிலையும் மூடிய நீரில் மற்ற லூர்களை வீசுவது களை பிடுங்கும் வேலை. அங்கே உள்ளீடற்ற ரப்பர் தவளைதான் சரி. அதன் இரண்டு முட்களும் முதுகோடு ஒட்டிப் படுத்திருப்பதால் இலைமேல் சிக்காமல் வழுக்கி வரும். விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன். அவ்வப்போது மேலே வந்து வாய் திறந்தே ஆக வேண்டும். இலைகளுக்கிடையே சின்ன வட்ட அலையோ குமிழியோ தெரிந்தால், அதற்கு அப்பால் ஓரடி தள்ளித் தவளையை இறக்கி, தத்தித் தத்தி அந்த இடத்துக்குக் கொண்டுவாருங்கள். இடைவெளி கிடைத்ததும் நிறுத்துங்கள். தண்ணீர் வெடிக்கும். உடனே இழுக்கத்தான் கை பரபரக்கும். மீன் தவளையை வாய்க்குள் வாங்கித் திரும்பி, நரம்பு கனக்கும் வரை பொறுத்து, அதன்பிறகு முழு பலத்தோடு மேல்நோக்கிக் குத்துங்கள். இதற்கு இழுபடாத பின்னல் நரம்பே ஏற்றது. நைலான் நரம்பு நீண்டுகொடுப்பதால் முள் ஆழப் பதியாது. பார்ப்புகள் எனப்படும் விரால் குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாக மேலே மிதந்தால் மட்டும் அங்கே வீசாதீர்கள். தாய் தந்தை இரண்டும் கீழே காவல் நிற்கும், எதைப் போட்டாலும் அடிக்கும். அவற்றைப் பிடித்தால் குஞ்சுகள் அத்தனையும் மற்ற மீன்களுக்கு இரை. அதை விளையாட்டு என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

இனி நிறம். தெளிந்த நீரில் வெள்ளி, பச்சை, பழுப்பு என்று சிறுமீனை ஒத்தவை. கலங்கிய நீரில் மீன் கண்ணைவிட, உடலின் பக்கவாட்டில் ஓடும் கோட்டால் அதிர்வை அறியும் பக்கக்கோட்டு உணர்வை நம்புகிறது. அதிர்வு அதிகமுள்ள, உள்ளே குண்டு உருளும் லூரை, கறுப்பிலோ பளீர் மஞ்சளிலோ எடுங்கள். அந்தியில் மேற்பரப்பு லூருக்குக் கறுப்பே போதும். கீழிருந்து வானத்தைப் பார்க்கும் மீனுக்கு நிழலுருவம்தானே தெரியும். ஆழம் கூடக்கூட முதலில் மங்குவது சிவப்பு. அதற்கு மேல் நிறத்தைப் பற்றி நான் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை.

லூர் நேராக ஓடுகிறதா என்று கரையோரத்தில் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். உங்களை நோக்கி வரும்போது உங்கள் இடப்பக்கம் சாய்ந்து ஓடினால், மூக்கு உங்களைப் பார்க்கும்படி பிடித்து, நரம்பு கட்டும் வளையத்தைக் குறட்டால் வலப்பக்கம் மயிரிழை வளைத்துவிடுங்கள். முள்நுனியைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து மெல்ல இழுங்கள். வழுக்கினால் மழுங்கிவிட்டது, தீட்டுங்கள் அல்லது மாற்றுங்கள். பிடித்த மீனைத் திரும்ப நீரில் விடுகிறவர் என்றால், முள்நுனிக்குச் சற்றுக் கீழே பின்னோக்கித் துருத்தும் எதிர்முனையைக் குறட்டால் நசுக்கிவிடுவது மீனுக்கும் உங்கள் விரலுக்கும் நல்லது. ராடின் அடித்தண்டில் எத்தனை கிராம் லூர் தாங்கும் என்று எழுதியிருக்கும், அதற்குள் நில்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் லூர்களை ஈரத்தோடு மூடி வைக்காதீர்கள், முள் துருப்பிடிக்கும். ரப்பர் மீன்களைக் கடின பிளாஸ்டிக் லூர்களோடு சேர்த்துப் போடவும் வேண்டாம். இரண்டும் வேதிவினையில் இளகி ஒட்டிக்கொள்ளும். ரப்பர் மீன்கள் அவை வந்த உறையிலேயே இருக்கட்டும்.