மாடித்தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: முதலில் அந்தக் கோகோபீட்டைக் கழுவுங்கள்

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற பழமொழி வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கியதும் க்ரோ பேக் வியாபாரம் சூடுபிடிக்கும். புரட்டாசி முடிவதற்குள் அந்தப் பைகளில் பாதி மடிக்கப்பட்டு மாடிப்படிக்குக் கீழே போய்விடும். தண்ணீர் ஊற்ற மறந்தது, வெயில் படாத மூலையில் வைத்தது போன்ற தவறுகளைச் செடியே இரண்டு நாளில் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். ஆரம்பத்தில் நாங்கள் எல்லோரும் செய்து, இன்றைக்குப் புதிதாக வருகிறவர்களும் அச்சு மாறாமல் செய்கிற சிலதை மட்டும் சொல்கிறேன்.

கழுவாத கோகோபீட்

மாடியில் வெறும் செம்மண்ணை நம்ப முடியாது. ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள பையில் செம்மண் நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் எடை 30 கிலோவைத் தாண்டும். இருபது பை வைத்தால் தளம் என்ன சுமக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அதற்காகத்தான் தேங்காய் நார்க்கழிவு, அதாவது கோகோபீட், மாடிக்கு வந்தது. அதில் தப்பே இல்லை. 5 கிலோ கட்டியை வாங்கி, ஊறவைத்து உதிர்த்து, அப்படியே பையில் கொட்டி நாற்று நடுவதுதான் தப்பு.

எங்கள் தெருவில் ஓர் அக்கா பத்துப் பை நிறைய அப்படித்தான் தக்காளி நட்டார். மூன்றாவது வாரம் இலை ஓரமெல்லாம் பழுப்பேறிக் கருகி, செடி சாண் உயரத்தோடு நின்றுவிட்டது. “கழுவினீங்களாக்கா?” என்று கேட்டேன். “அதென்ன அரிசியா, கழுவுறதுக்கு?” என்றார். கடைக்காரர், “எல்லாச் சத்தும் இதுலயே இருக்கு, வேற ஒண்ணும் கலக்க வேணாம்” என்று சொல்லி விற்றாராம். இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

நார்க்கழிவில் இருப்பது சத்தைவிட உப்புதான். தேங்காய் மட்டையிலேயே பொட்டாசியமும் சோடியமும் குளோரைடும் இருக்கின்றன. நார் பிரிக்க மட்டையை உப்பங்கழியில் ஊறப்போட்டிருந்தால் உப்பு இன்னும் ஏறும். வேரைச் சுற்றி உப்பு கூடினால், ஈரம் இருந்தும் செடியால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் இலை ஓரம் கருகுகிறது. அக்கா அதைச் சத்துக் குறைவு என்று நினைத்து முதலில் டிஏபி என்ற ரசாயன உரத்தைப் போட்டார், பிறகு பஞ்சகவ்யம், அதற்கும் பிறகு மீன் அமிலம். டிஏபியே ஓர் உப்புதான். உப்பில் தவிக்கிற செடிக்கு மேலும் உப்பைக் கொட்டினால் என்ன ஆகும்? பத்துப் பையும் போயிற்று.

கழுவுவது எளிது. கட்டியை அகலமான தொட்டியில் ஊறவைத்து, மறுநாள் பழைய பருத்திச் சேலையில் கட்டிப் பிழியுங்கள். கரும்பழுப்பாக நீர் இறங்கும். அதைக் கொட்டிவிட்டு மறுபடி ஊறவையுங்கள். நிறம் வெளுத்துவிட்டதே என்று நிறுத்திவிடாதீர்கள். நிறம் வேறு, உப்பு வேறு. ஆர்ஓ மெக்கானிக் கொண்டுவருகிற, நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிக்கொண்டால், பிழிந்த நீரின் உப்பளவு நீங்கள் ஊற்றிய நீரின் உப்பளவுக்குப் பக்கத்தில் வரும்வரை கழுவலாம். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. சென்னையில் பல வீடுகளில் போர் தண்ணீரே உப்பு. அதில் எத்தனை முறை கழுவினாலும் அந்த அளவுக்குக் கீழே இறங்காது. கடைசி இரண்டு கழுவலுக்காவது மழைநீரோ மெட்ரோ தண்ணீரோ வேண்டும்.

கழுவியதோடு வேலை முடியவில்லை. மட்காத நார்க்கழிவில் கரிமமும் தழைச்சத்தும் 112:1 என்ற விகிதத்தில் இருப்பதாகவும், சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் அடுக்கடுக்காகப் போட்டு மட்கவைத்தால் அது 24:1 ஆகக் குறைவதாகவும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்கிறது. மட்காமல் பையில் போட்டால், அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தைத் தின்றுவிடும். ஆகவே நார்க்கழிவைத் தனியாகப் போடவே வேண்டாம். செம்மண் ஒரு பங்கு, கழுவிய நார்க்கழிவு ஒரு பங்கு, நன்றாக மட்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு. பத்து நாள் நிழலில் ஈரமாக வைத்திருந்து பிறகு நடுங்கள்.

இன்னொன்று. இந்தக் கலவை மேலே காய்ந்து வெளுத்துக் கிடக்கும், உள்ளே சொதசொதவென்று இருக்கும். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்த பிறகு ஊற்றுங்கள்.

பச்சைச் சாணம்

போடாதீர்கள். மட்கும்போது கிளம்பும் சூடு வேரைப் பொசுக்கும்.

பெயரை நம்பி மூலிகை வாங்குவது

வள்ளலார் போற்றிய கரிசலாங்கண்ணியை வீட்டில் வளர்க்க எல்லோருக்கும் ஆசை. நர்சரியில் ‘மஞ்சள் கரிசலாங்கண்ணி’ என்று கேட்டால் பல இடங்களில் கையில் கொடுப்பது பூங்காக்களில் தரை மூடப் படரவிடும் அழகுச்செடி. மத்திய அமெரிக்காப் பக்கத்திலிருந்து வந்து, உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்கள் பட்டியலில் இடம்பிடித்த கொடி அது. பூ இரண்டிலும் மஞ்சள்தான், அதனால் பூவைப் பார்த்து ஏமாறாதீர்கள். இலையைப் பாருங்கள். அழகுச்செடியின் இலை தடித்து, பளபளவென்று, இரு பக்கமும் பிதுங்கி மூன்று மடலாக இருக்கும். உண்மையானதன் இலை நீண்டு ஒடுங்கியிருக்கும், மடல் இருக்காது. வெள்ளைப்பூ வகையில் இந்தக் குழப்பம் குறைவு. இலையைக் கசக்கினால் சாறு சற்று நேரத்தில் கறுத்துவிடும். சந்தேகம் இருக்கிற எதையும் கூட்டில் போடாதீர்கள். மஞ்சள்காமாலைக்குக் கீழாநெல்லி இருக்கிறதே என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பதும் வேண்டாம்.

வேப்பெண்ணெயைத் தண்ணீரில் நேரே ஊற்றுவது

எண்ணெய் மேலே மிதக்கும். கடைசியில் தெளிக்கிற செடிமேல் மொத்தமும் விழுந்து, மறுநாள் வெயிலில் இலை வெந்துபோகும். லிட்டருக்கு 5 மில்லி எண்ணெயை முதலில் சோப்புக் கரைசலில் அடித்துப் பாலாக்கிக்கொண்டு, பிறகு தண்ணீர் சேருங்கள். வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளியுங்கள். மாவுப்பூச்சி குடியிருப்பது அங்கேதான்.

கறிவேப்பிலையை இலை இலையாக உருவுவது

நுனிக்கொழுந்தோடு ஒடித்தால்தான் பக்கக்கிளை வரும்.

புதினாவோடு இன்னொரு செடி

தனித் தொட்டி. மறுபேச்சே இல்லை.

சித்திரை வெயிலில் கொத்தமல்லி

முளைத்தாலும் தழைப்பதற்குள் பூத்துவிடும். ஐப்பசி வரட்டும், அதுவரை அரைக்கீரை போடுங்கள்.