பழைய திரை விமர்சனங்களைப் படிப்பது எப்படி: பாஸ்லி கிரௌதரை முன்வைத்து

1940 முதல் 1967 வரை நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் திரை விமர்சகராக இருந்தவர் பாஸ்லி கிரௌதர். இன்று அவர் பெயர் எங்காவது அடிபட்டால், அது பெரும்பாலும் அவர் குறை சொன்ன படங்களின் பட்டியலோடுதான் வரும். 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' மூன்றாவது மணி நேரத்தில் தளர்ந்துவிடுகிறது என்றார், 'பதேர் பாஞ்சாலி'யின் கட்டமைப்பு தொளதொளவென்று இருக்கிறது என்றார், 'பானி அண்ட் கிளைட்' மலிவான கோமாளித்தனம் என்றார் என்று அந்தப் பட்டியல் நீளும். இப்படிப் படிப்பது எளிது; ஆனால் படிப்பவருக்கு இதனால் எதுவும் கிடைப்பதில்லை. தீர்ப்பு சரியா தவறா என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, அந்தப் படம் திரைக்கு வந்த வாரத்தில் பழகிய ஒரு கண்ணுக்கு அது எப்படித் தெரிந்தது என்பதற்கான பதிவாக அந்த எழுத்தைப் படித்தால், படத்தைப் பற்றியும் காலத்தைப் பற்றியும் வேறெங்கும் கிடைக்காத செய்திகள் அதில் கிடைக்கின்றன. அப்படிப் படிக்க விரும்புபவர்களுக்காக, நான் பின்பற்றும் முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மூல விமர்சனத்தை முழுதாகத் தேடி எடுக்க வேண்டும். பிறர் மேற்கோள் காட்டும் ஒற்றை வரியை நம்பி எந்த முடிவுக்கும் வரக் கூடாது. நியூயார்க் டைம்ஸின் 1851 முதல் 2002 வரையிலான இதழ்கள் பக்கம் பக்கமாகப் படமெடுக்கப்பட்டு அந்நாளிதழின் இணையக் களஞ்சியத்தில் இருக்கின்றன. சந்தா செலுத்தியோ, சந்தா வைத்திருக்கும் நூலகம் வழியாகவோ அவற்றைப் பார்க்கலாம். தேடும்போது படம் தயாரான ஆண்டைக் கொண்டு தேடாமல், நியூயார்க்கில் திரையிடப்பட்ட நாளைக் கொண்டு தேட வேண்டும். 'பதேர் பாஞ்சாலி' கல்கத்தாவில் வெளியானது 1955-இல். கிரௌதரின் விமர்சனமோ 1958 செப்டம்பரில்தான் வந்தது. அகிரா குரோசாவாவின் 'செவன் சாமுராய்' 1954-ஆம் ஆண்டுப் படம். ஆனால் நியூயார்க்குக்கு அது 1956-இல் 'தி மேக்னிஃபிசென்ட் செவன்' என்ற வேறு பெயரில், நீளம் குறைக்கப்பட்ட வடிவில் போய்ச் சேர்ந்தது. நாம் பார்த்த மூன்றரை மணி நேரப் படத்தை அவர் பார்க்கவில்லை என்பதை மனத்தில் வைக்காமல் அவருடைய விமர்சனத்தை எடைபோடுவது நியாயமாகாது.

விமர்சனத்தின் அடியில் யார் பெயர் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்நாளிதழில் கிரௌதரைத் தவிர வேறு சிலரும் விமர்சனம் எழுதினார்கள். அவர்களுடைய கட்டுரைகள் பல முதலெழுத்துகளோடு மட்டுமே அச்சாகின. பத்திரிகையின் பெயரைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் கிரௌதர் கணக்கில் எழுதுவது அடிக்கடி நேரும் பிழை.

அடுத்து, எழுதிய சூழலை அறிய வேண்டும். இதற்கு 'சைக்கோ'வை விடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. அந்தப் படத்துக்கு ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் பத்திரிகையாளர்களுக்கான முன்காட்சி எதையும் வைக்கவில்லை. விமர்சகர்களும் பொதுமக்களோடு திரையரங்கில் அமர்ந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. 1960 ஜூன் 16 அன்று நியூயார்க்கில் படம் வெளியானது. மறுநாள் காலை இதழில் விமர்சனம் வந்துவிட்டது. குறைந்த செலவில் எடுத்தது கண்கூடாகத் தெரிகிறது என்றும், ஹிட்ச்காக்கிடம் வழக்கமாகக் காணும் நுட்பம் இதில் அதிகம் இல்லை என்றும் அதில் கிரௌதர் எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில் அவர் வெளியிட்ட சிறந்த பத்துப் படங்களின் பட்டியலில் 'சைக்கோ'வும் இடம்பெற்றது. ஜூன் மாத விமர்சனத்தை மட்டும் வாசித்தவர் அவரைப் பார்வையற்றவர் என்பார். டிசம்பர் பட்டியலை மட்டும் பார்த்தவர் அவர் தொடக்கத்திலிருந்தே கொண்டாடினார் என்று நினைப்பார். எனவே ஒரு படத்தைப் பற்றி அவர் எழுதியதை மூன்று இடங்களில் தேட வேண்டும்: வெளியீட்டுக்கு மறுநாள் வந்த விமர்சனம், ஞாயிற்றுக்கிழமைப் பகுதியில் நிதானமாக எழுதிய கட்டுரை, ஆண்டு இறுதிப் பட்டியல்.

இம்மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. 'சிட்டிசன் கேன்' 1941 மே முதல் நாள் திரைக்கு வந்தபோது, ஹாலிவுட் அதுவரை தந்தவற்றில் மிகப் பெரும் பரபரப்புக்குரிய படம் என்று சொல்லும் அளவுக்கு உற்சாகத்தோடு எழுதியவர், அடுத்துவந்த ஞாயிற்றுக்கிழமையே அதன் நாயகன் யாரென்பது தெளிவாகவில்லை என்ற தயக்கத்தைப் பதிவு செய்தார். இரண்டு நாள் இடைவெளியில் ஒரு மனம் அசைவதை அச்சில் பார்க்க முடிவது அரிய வாய்ப்பு. என்னைப் பொறுத்தவரை அவருடைய பிழைகளைவிட இந்த அசைவுகளே மதிப்புள்ளவை.

பிறகு அவருடைய அளவுகோலைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு அவர் திட்டியவற்றை விட்டுவிட்டு, மனமாரப் பாராட்டியவற்றைச் சேர்த்துப் படியுங்கள். போருக்குப் பிந்தைய இத்தாலியப் படங்களை அமெரிக்க வாசகர்களிடம் கொண்டுசேர்த்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 'பைசைக்கிள் தீவ்ஸ்' அவருடைய முழுப் பாராட்டைப் பெற்றது. 'ஹை நூன்' படத்தை அவர் மிக உயர்வாக வைத்தார். ராபர்ட்டோ ரோஸலீனியின் 'தி மிராக்கிள்' நியூயார்க்கில் தடை செய்யப்பட்டபோது அத்தடைக்கு எதிராக எழுதினார். அத்தடையை எதிர்த்து நடந்த வழக்கில்தான் 1952-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் திரைப்படத்துக்கும் பேச்சுரிமைப் பாதுகாப்பு உண்டென்று தீர்ப்பளித்தது. மனிதர்கள் வாழும் நிலையை நேர்மையாகக் காட்டுவதும், சமூகத்துக்குப் பொறுப்போடு பேசுவதும் ஒரு படத்தின் கடமை என்று அவர் நம்பியது இவற்றிலிருந்து புலப்படும். அந்த நம்பிக்கையே பிற்காலத்தில் அவருக்கு எதிராகவும் திரும்பியது. 1967 ஆகஸ்டில் 'பானி அண்ட் கிளைட்' பற்றி அவர் எழுதியதைப் படிப்பதற்கு முன், அதற்கு இரண்டு மாதம் முன்பு வந்த 'தி டர்ட்டி டஸன்' விமர்சனத்தைப் படித்துவிடுங்கள். குற்றவாளிகளைக் கொண்டாடும் வன்முறை என்று அங்கே தொடங்கிய கோபத்தின் தொடர்ச்சியே இது. நியூஸ்வீக் விமர்சகர் ஜோ மார்கன்ஸ்டெர்ன் முதலில் 'பானி அண்ட் கிளைட்' படத்தைக் கண்டித்துவிட்டு, மறுபடியும் பார்த்தபின் தம் கருத்து தவறென்று அடுத்த வாரமே எழுதினார். கிரௌதரோ திரும்பத் திரும்பத் தாக்கினார். அந்த ஆண்டோடு அவருடைய விமர்சகர் பணியும் முடிந்தது.

எல்லாவற்றிலும் முக்கியமான படி, விமர்சனத்தை அருகில் வைத்துக்கொண்டு படத்தின் ஒரு காட்சியைப் பார்ப்பது. 'பதேர் பாஞ்சாலி' ஹாலிவுட் தொகுப்பாளர்களிடம் போனால் முதல் கட்டக் கச்சா தொகுப்பாகக்கூடத் தேறாது என்ற பொருளில் அவர் எழுதினார். அதைப் படித்த கையோடு மிட்டாய்க்காரர் வரும் காட்சியைப் போடுங்கள். தோளில் பானைகள் தொங்கும் காவடியோடு அவர் நடக்கிறார். காசில்லாத துர்காவும் அப்புவும் பின்னே போகிறார்கள். அவர்களுக்குப் பின்னே ஒரு நாய். அந்த ஊர்வலம் தலைகீழாகக் குளத்து நீரில் தெரிகிறது. கதை இதனால் ஓரடியும் நகரவில்லை, அதனால் ஒரு தொகுப்பாளர் இதை வெட்டியிருக்கலாம் என்பது உண்மை. கிரௌதர் கண்டது சரி; தொய்வு என்று அவர் பெயரிட்டது அங்கே இருக்கிறது. அந்த இடத்தில்தான் அந்தக் குழந்தைகளின் ஆசை முழுவதும் இருக்கிறது என்பது அவருக்குப் பிடிபடவில்லை, அவ்வளவே. குறை சொல்லும் விமர்சகர் பெரும்பாலும் சரியான இடத்தில்தான் விரலை வைக்கிறார். அந்த விரல் காட்டும் இடத்துக்குப் போய்ப் பார்க்கும் பொறுப்பு நம்முடையது. அதே விமர்சனத்தில் அப்படத்தின் சோகமும் அழகும் மெல்ல மெல்லத் திரள்வதையும் அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்பதை மேற்கோள் காட்டுபவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

கடைசியாக ஒரு பயிற்சி. இதுவரை பார்க்காத ஒரு பழைய படத்தைத் தேர்ந்தெடுத்து, அதைப் பற்றி எதையும் படிக்காமல், நிறுத்தாமல், பின்னோக்கி ஓட்டாமல் ஒரே தடவை பாருங்கள். முடிந்ததும் எழுந்து போய், நள்ளிரவுக்குள் ஐந்நூறு சொற்கள் எழுதிவிட்டு, அதன்பின் திருத்தாமல் தேதியிட்டு வையுங்கள். நான் இதை 'வெர்டிகோ'வைக் கொண்டு செய்தேன். என் பக்கத்தில் பாதிக்கு மேல் கதைச் சுருக்கமும், மர்மத்தின் சாமர்த்தியத்தைப் பற்றிய வியப்பும்தான் இருந்தன. அதற்குப் பிறகு 1958 மே மாத விமர்சனத்தை எடுத்துப் பார்த்தேன். கிரௌதரும் அந்தப் படத்தை விரும்பியிருந்தார். மர்மம் நம்ப முடியாதது, ஆனால் கெட்டிக்காரத்தனமானது என்று எழுதியிருந்தார். 2012-இல் 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் திரைப்பட இதழ் விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் 'சிட்டிசன் கேன்' படத்தைப் பின்தள்ளி முதலிடம் பிடித்த படம் அது. ஓர் இரவுக்குள் எழுதிய எங்கள் இருவருக்கும் அதில் தெரிந்தது மர்மக் கதை மட்டுமே.