சொந்தமா பின்னின ஸ்வெட்டர் உடம்புல சரியா உட்காரலையா?

மாசக்கணக்கா உக்காந்து பின்னி, நூல் முனையெல்லாம் உள்ள செருகி முடிச்சு, ஆசை ஆசையா போட்டுப் பாத்தா தோள்பட்டை இறங்கித் தொங்குது, கை நீளம் விரலை மூடுது, முன்பக்கம் மட்டும் தூக்கிட்டு நிக்குது. அந்த ஏமாத்தம் ரொம்பவே வலிக்கும். நிறைய பேர் அதோட ஊசியைத் தூக்கி வச்சுடறாங்க, ஸ்வெட்டர் பீரோ அடியில போயிடுது. அப்படி விட்டுடாதீங்க. துணியை வெட்டிட்டா வெட்டினதுதான், பின்னல் அப்படி இல்ல, நூலைப் பிடிச்சு இழுத்தா பிரியும், திரும்ப ஊசியில ஏத்தினா தொடரும், அதனால பெரும்பாலான தப்பைச் சரி பண்ண வழி இருக்கு. ஆனா ஃபிட் நல்லா வர்றதும் கெடறதும் முதல் வரிசை ஏத்தறதுக்கு முன்னாடியே பெரும்பாலும் முடிவாயிடுது, அதனால அங்கேர்ந்தே ஆரம்பிக்கறேன்.

டெய்லர்கிட்ட போகும்போது அளவு ப்ளவுஸ் ஒண்ணு கையோட கொண்டு போவோம்ல, பின்னலுக்கும் முதல் வேலை அதான். உங்ககிட்ட இருக்கறதுலயே போட்டா நல்லா இருக்குன்னு உங்களுக்கே தோணற ஒரு ஸ்வெட்டரையோ டீ-ஷர்ட்டையோ எடுத்து தரையில நீவி விரிச்சு இன்ச் டேப் வச்சு அளந்துக்கோங்க. கைக்குழிக்குக் கீழ குறுக்களவு எடுத்து ரெண்டால பெருக்குங்க, அப்புறம் தோள்லேர்ந்து கீழ் ஓரம் வரை நீளம், கைக்குழியிலேர்ந்து மணிக்கட்டு வரை கை நீளம், மேல்கையோட சுத்தளவு, கழுத்து அகலம், முதுகுப்பக்கம் ஒரு தோள் முனையிலேர்ந்து இன்னொரு தோள் முனை வரை. எல்லாத்தையும் நோட்டுல எழுதுங்க. ஒண்ணு முக்கியம், அளவுக்கு எடுக்கற துணி பின்னலாடையாவே இருக்கணும். சுடிதார் டாப்போ காட்டன் சட்டையோ வச்சு அளந்தா ஏமாந்துடுவீங்க, நெய்த துணி இழுபடாது, பின்னல் இழுபடும், ரெண்டுக்கும் கணக்கே வேற.

உடம்பு அளவுக்கும் துணி அளவுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்தை ஈஸ்னு சொல்வாங்க. மார்புச் சுத்தளவு 36 இன்ச்னா, ஊட்டிக் குளிருக்குச் சட்டைக்கு மேல போடற ஸ்வெட்டர் 40 இன்ச்சாவது இருந்தாதான் கை தூக்க முடியும். அதே உடம்புக்கு சென்னையில போடறதுக்கு ரிப் பின்னல்ல (கோடு கோடா வந்து நல்லா இழுபடற பின்னல்) ஒரு ஸ்லீவ்லெஸ் டாப் பின்னறீங்கன்னா 34 இன்ச் போதும், அது இழுத்துட்டு உடம்போட அழகா ஒட்டும். பேட்டர்ன்ல, அதாவது எப்படிப் பின்னணும்னு சொல்ற குறிப்புல, ஸ்மால், மீடியம்னு போட்டிருக்கறதை நான் பாக்கவே மாட்டேன், நீங்களும் பாக்காதீங்க. முடிச்ச துணியோட அளவுன்னு ஒரு வரி இருக்கும், அதை உங்க நோட்டோட ஒப்பிடுங்க. மார்பு கொஞ்சம் பெருசா இருக்கறவங்க அக்குளுக்கு நேரா, மார்புக்கு மேல டேப் சுத்தி எடுத்த அளவை வச்சு சைஸ் தேர்ந்தெடுத்தா தோளும் கழுத்தும் சரியா வரும். மார்புக்கு வேண்டிய இடத்தை முன்பக்கத்துல மட்டும் தனியா கூட்டிக்கலாம், எப்படின்னு கீழ சொல்றேன்.

இப்ப கேஜ், அதாவது ஒரு குறிப்பிட்ட அளவுக்குள்ள எத்தனை ஸ்டிட்ச் (கண்ணி), எத்தனை வரிசை வருதுங்கற கணக்கு. ஃபிட் சொதப்பறதுக்கு முக்கால்வாசி காரணம் இதுதான்னு அடிச்சுச் சொல்வேன். பேட்டர்ன் 4 இன்ச்சுக்கு 22 ஸ்டிட்ச்னு கேக்குது, உங்க கைக்கு 20 தான் வருது, ரெண்டு ஸ்டிட்ச்தானே போகட்டும்னு விட்டுடறோம். கணக்குப் போட்டுப் பாருங்க. இன்ச்சுக்கு அஞ்சரை ஸ்டிட்ச் வீதம் 40 இன்ச்சுக்கு 220 ஸ்டிட்ச். உங்க கையில இன்ச்சுக்கு 5 வருதுன்னா அதே 220 ஸ்டிட்ச் 44 இன்ச் ஆயிடும். இறுக்கமா பின்னற கையா இருந்து 4 இன்ச்சுக்கு 24 வந்துதுன்னா 37 இன்ச்சுக்கும் கம்மியா நிக்கும். பேட்டர்ன் மேல தப்பே இல்ல, எண்ணின எண்ணிக்கையிலயும் தப்பே இல்ல, ஆனா ஸ்வெட்டர் வேற ஒருத்தருக்குப் பின்னின மாதிரி வந்து நிக்கும்.

அதனால ஸ்வாட்ச், அதாவது ஒரு சோதனைத் துண்டு, போடுங்க, சும்மா பேருக்கு ரெண்டு இன்ச் துண்டு வேண்டாம், 35 ஸ்டிட்ச்சாவது ஏத்தி 6 இன்ச் சதுரமா பின்னுங்க. ஓரத்து ஸ்டிட்ச் எப்பவும் இழுத்துக்கிட்டு இருக்கும், அதனால நடுவுல 4 இன்ச் எடுத்துதான் எண்ணணும், அரை ஸ்டிட்ச் வந்தா அதையும் எழுதணும். ஸ்வெட்டரை வட்டமா பின்னப் போறீங்கன்னா ஸ்வாட்ச்சையும் வட்டமா பின்னற மாதிரிதான் போடணும், ஏன்னா நம்மள்ல நிறைய பேருக்கு நேர்பக்கம் பின்னற நிட் வரிசையும் திருப்பிப் பின்பக்கம் பின்னற பர்ல் வரிசையும் ஒரே இறுக்கத்துல வராது. வழி சுலபம்தான், ஒரு வரிசை நிட் பின்னி முடிச்சதும் திருப்பாம, சர்க்குலர் ஊசியில (ரெண்டு முனையும் வயரால இணைஞ்ச ஊசி) ஸ்டிட்ச்சை மறுமுனைக்குத் தள்ளி, நூலைப் பின்னாடி தாராளமா தளர விட்டு, திரும்பவும் நிட்டே பின்னுங்க.

ஸ்வாட்ச்சைத் துவைக்காம அளக்காதீங்க. ஸ்வெட்டரை எப்படித் துவைக்கப் போறீங்களோ அப்படியே துவைச்சுக் காயவச்சு அப்புறம் அளங்க. சூப்பர்வாஷ்னு போட்ட, மெஷின்ல துவைக்கற மாதிரி பதப்படுத்தின கம்பளி நூல் தண்ணி பட்டதும் நல்லா நெகிழ்ந்து நீளும். பருத்தி நூலுக்கு எலாஸ்டிக் குணம் கிடையாது, கனமும் ஜாஸ்தி, போடப் போட அதோட கனமே அதைக் கீழ இழுக்கும், அதனால பருத்தி டாப்புக்கு ஸ்வாட்ச்சோட கீழ் ஓரத்துல நாலஞ்சு துணி கிளிப் மாட்டி ஒரு நாள் தொங்கவிட்டு மறுபடி அளங்க, எவ்வளவு இறங்குதோ அந்த வீதத்துக்கு நீளத்தைக் குறைச்சுப் பின்னுங்க. நம்ம கடைகள்ல உல்லன் நூல்னு கேட்டா கொடுக்கறது நிறைய அக்ரிலிக்தான், லேபிளைப் படிச்சுப் பாத்து வாங்குங்க. அக்ரிலிக்கை நனைச்சு இழுத்து வச்சாலும் பழைய அளவுக்கே வந்துடும், அதுமேல சூடான இஸ்திரிப் பெட்டியை வச்சீங்கன்னா துவண்டு போயிடும், திரும்ப நிமிராது. திருப்பூர் பின்னலாடை கம்பெனிகள்ல கூட துணியை ரோல்லேர்ந்து பிரிச்சு, இழுவிசை அடங்கற வரைக்கும் சும்மா போட்டு வச்சுட்டுதான் வெட்டுவாங்க. மெஷின்ல பின்னின துணிக்கே அந்த ஓய்வு வேணும்னா கையால பின்னினதுக்கு வேண்டாமா?

ஸ்டிட்ச் எண்ணிக்கை ஒத்துவரலன்னா ரெண்டு வழி. 4 இன்ச்சுக்குக் கம்மியா வந்தா சின்ன ஊசி, ஜாஸ்தியா வந்தா பெரிய ஊசி, 4 மி.மீ.க்கு பதிலா 3.75 போட்டுப் பாருங்க. இன்னொரு வழி, கையில இருக்கற துணியோட பதம் உங்களுக்குப் பிடிச்சிருந்தா ஊசியை மாத்தாதீங்க, கணக்கை மாத்துங்க. இன்ச்சுக்கு 5 வருது, 40 இன்ச் வேணும், அப்ப 200 ஸ்டிட்ச். பேட்டர்ன்ல எந்த சைஸுக்கு 200 பக்கத்துல வருதோ அந்த சைஸைப் பின்னுங்க, நீளத்தை மட்டும் டேப் வச்சு உங்க அளவுக்கு எடுத்துக்கோங்க. எனக்கு இதுதான் பிடிக்கும், துணி விறைப்பா அட்டை மாதிரி வந்துட்டா அளவு சரியா இருந்தும் யாரும் போட மாட்டாங்க.

முதல் ஸ்வெட்டர்னா கழுத்துலேர்ந்து கீழ்நோக்கி பின்னற ராக்லான் (கழுத்துலேர்ந்து அக்குளுக்குச் சாய்கோடா கை சேர்ற மாதிரி) எடுத்துக்கோங்க, காரணம் ஒண்ணே ஒண்ணுதான், நடுவுல நடுவுல போட்டுப் பாக்கலாம். ஸ்டிட்ச்சையெல்லாம் ஒரு நீளமான நூலுக்கு மாத்திட்டு தலைவழியா போட்டு கண்ணாடி முன்னாடி நில்லுங்க, கை தூக்குங்க, குனிஞ்சு பாருங்க. கழுத்திலேர்ந்து அக்குள் வரைக்கும் வர்ற பகுதியில வரிசைக் கணக்கும் முக்கியம், இதைத்தான் எல்லாரும் கோட்டை விடறாங்க. பேட்டர்ன் 60 வரிசை சொல்லுது, 4 இன்ச்சுக்கு 30 வரிசைன்னா அது 8 இன்ச். உங்களுக்கு 26 தான் வருதுன்னா 9 இன்ச்சைத் தாண்டிடும், கைக்குழி இறங்கி, கை தூக்கினா மொத்த ஸ்வெட்டரும் மேல வரும். அப்படி நீளமாகறது தெரிஞ்சா, ஒரு சுத்து விட்டு ஒரு சுத்து கூட்டறதுக்கு பதிலா கடைசியில சில சுத்துகள்ல தொடர்ந்து கூட்டிடுங்க, ஸ்டிட்ச் எண்ணிக்கை சீக்கிரம் வந்துடும், உயரம் குறையும். பேட்டர்னே இல்லாம பின்னறவங்களுக்கு பின்னல் ஆசிரியை எலிசபெத் சிம்மர்மேன் சொல்லிக் கொடுத்த சதவீதக் கணக்கு இன்னிக்கும் கைகொடுக்குது, இங்கிலாந்துல 1910-ல பிறந்து அமெரிக்காவுல வாழ்ந்தவங்க. உடம்புக்கு 200 ஸ்டிட்ச்னா மணிக்கட்டுக்கு அதுல 20 சதவீதம் 40, மேல்கைக்கு மூணுல ஒரு பங்கு 66, கழுத்துக்கு 40 சதவீதம் 80. மேல்கை பருமனா இருந்தா அந்த 66-ஐ தாராளமா கூட்டிக்கோங்க.

சரி, எல்லாம் முடிஞ்சாச்சு, ஃபிட் சரியில்ல. உடனே பிரிக்காதீங்க. முதல்ல துவைங்க, பெரிய துண்டுல சுருட்டி அமுக்கித் தண்ணியை எடுங்க, பாயில துண்டு விரிச்சு அதுமேல உங்க நோட்டு அளவுக்கு நீவி வச்சு நிழல்ல காயவிடுங்க. கொடியில மட்டும் தொங்கவிட்டுடாதீங்க, ஈரத்தோட கனம் தோளையும் கையையும் இழுத்துட்டுப் போயிடும். கம்பளியா இருந்தா இதுலயே ஒண்ணு ரெண்டு இன்ச் சரியாயிடும். அப்புறம் ஒரு நாள் முழுக்க போட்டுட்டு வேலை பாருங்க. சாயங்காலம் கண்ணாடியில பாத்தா எந்த இடம் தொந்தரவுன்னு தானா தெரிஞ்சிடும்.

தோளும் கழுத்தும் தொங்குதுன்னா அதுக்கு நான் சொல்ற முதல் வைத்தியம் குரோஷே ஊசிதான். அதே நூல்ல உள்பக்கமா, ஒரு தோள் முனையிலேர்ந்து பின்கழுத்து வழியா மறு தோள் முனை வரைக்கும் ஒரு வரிசை ஸ்லிப் ஸ்டிட்ச் இறுக்கமா போட்டுட்டே போங்க, துணி அந்த வரியில கெட்டியாகி மேல ஏறி உக்காரும், கை நீளமும் அதோட கொஞ்சம் குறையும். கழுத்து அகலம்னா பட்டியை மட்டும் பிரிச்சு, ரெண்டு சைஸ் சின்ன ஊசியில, முன்னைவிட கம்மி ஸ்டிட்ச் எடுத்துப் பின்னுங்க.

நீளம் தப்பா போனதுக்குப் பயப்படவே வேண்டாம். கழுத்துலேர்ந்து பின்னினதுன்னா கீழ் ஓரத்தைப் பிரிச்சுக் கூட்டலாம் குறைக்கலாம். கீழேர்ந்து மேல பின்னினதுன்னா அந்த ஓரம் சுலபமா பிரியாது, கத்திரி வைக்கணும். நல்ல வெளிச்சத்துல உக்காந்து, எந்த வரிசையோட நிக்கணுமோ அந்த வரிசையோட எல்லா ஸ்டிட்ச்சுக்குள்ளயும் ஒரு மெல்லிய ஊசியை சுத்திலும் கோத்துடுங்க, ஒவ்வொரு ஸ்டிட்ச்சோட வலது காலை மட்டும் எடுத்துட்டு வாங்க. அதுக்கு ரெண்டு வரிசை கீழ, பக்கவாட்டுல ஒரே ஒரு ஸ்டிட்ச்சை வெட்டி, வெட்டின முனையை ஊசி முனையால ஒவ்வொரு ஸ்டிட்ச்சா வெளிய எடுத்துட்டே போங்க. கீழ்ப்பகுதி கழண்டு கையில வரும், மேல்பகுதி ஊசியில பத்திரமா இருக்கும். மிச்சம் நிக்கற வரிசைத் துணுக்கையும் பிரிச்சுட்டு அங்கேர்ந்து கீழ்நோக்கி வேண்டிய அளவு பின்னி ரிப் போட்டு முடிங்க. ஸ்டாக்கினெட்ல, அதாவது டிசைன் இல்லாத சாதா பின்னல்ல, இந்த இணைப்பு வெளிய தெரியாது. ஜடை மாதிரி முறுக்கி வர்ற கேபிளோ பூ டிசைனோ இருந்தா அரை ஸ்டிட்ச் நகர்ந்தது தெரியும், அந்த இடத்துல இதைச் செய்யாதீங்க.

முன்பக்கம் தூக்கிட்டு நிக்கறது மார்புக்கு மேல ஏறி இறங்க நீளம் பத்தாததால. மேலேர்ந்து பின்னினதா இருந்தா மார்புக்குக் கீழ வரைக்கும் பிரிச்சுட்டு, முன்பக்கத்துல மட்டும் ஷார்ட் ரோ, அதாவது முழுசா சுத்தாம நடுவுலயே திரும்பி வர்ற வரிசை, போடுங்க. 4 இன்ச்சுக்கு 28 வரிசைன்னா இன்ச்சுக்கு 7, ரெண்டு இன்ச் வேணும்னா 14 வரிசை, அதாவது ஏழு தடவை போய் ஏழு தடவை திரும்பி வரணும், ஒவ்வொரு தடவையும் மூணு நாலு ஸ்டிட்ச் முன்னாடியே திரும்பிடணும். முன் கழுத்து தொண்டையை அழுத்துதுன்னா அது வேற பிரச்சனை, பின்கழுத்துல ஷார்ட் ரோ இல்லாததாலதான் அது வரும்.

உடம்பு லூஸா இருந்தா, மெல்லிய நூல்ல பின்னினதுக்கு ரெண்டு பக்கமும் உள்ள பிடிச்சுத் தச்சுடலாம், பக்கத்துக்கு ஒரு இன்ச் உள்ள போனா மொத்தத்துல 4 இன்ச் குறையும். தடிச்ச நூல்னா அந்த மடிப்பு இடுப்புல உறுத்தும், பிரிக்கறதே மேல். டைட்டா இருந்து பக்கத்துல தையல் இருந்தா, தையலைப் பிரிச்சு அக்குள்லேர்ந்து கீழ வரை 2 இன்ச் பட்டி ரெண்டு பின்னி வச்சுத் தைங்க, வேற கலர்ல வச்சா வேணும்னே செஞ்ச மாதிரி அழகா இருக்கும். கார்டிகன்னா பட்டன் பட்டியை அகலமா பின்னிக்கலாம். தையலே இல்லாம வட்டமா பின்னின டைட் ஸ்வெட்டரை, தங்கச்சிக்கோ அண்ணன் மகளுக்கோ சரியா இருந்தா மனசாரக் கொடுத்துடுங்க.

பிரிச்சே ஆகணும்னு முடிவு பண்ணிட்டா முழுசா பிரிங்க, தயங்காதீங்க. பிரிச்ச நூல் நூடுல்ஸ் கணக்கா சுருண்டு வரும், அதை அப்படியே திரும்பப் பின்னினா ஸ்டிட்ச் ஒண்ணும் சமமா வராது. நாற்காலி முதுகுல சுத்தி சிட்டமாக்கி, நாலு இடத்துல தளர்வா கட்டி, வெதுவெதுப்பான தண்ணியில அரை மணி நேரம் ஊறவச்சு, பிழியாம துண்டுல ஒத்தி, குளியலறைக் கம்பியில மாட்டிக் காயவிடுங்க. கம்பளியும் பருத்தியும் நேராயிடும், அக்ரிலிக்ல சுருக்கம் கொஞ்சம் நிக்கும், பின்னித் துவைச்சா அடங்கும். காஞ்சதும் சமையலறைத் தராசுல எடை போட்டு சீட்டு எழுதிக் கட்டி வைங்க, அடுத்து அதை எடுக்கும்போது புது ஸ்வாட்ச் ஒண்ணு போட்டுட்டு ஆரம்பிங்க, ஏன்னா ஒரு தடவை துவைச்ச நூலோட கேஜ் பழைய மாதிரியே இருக்கும்னு சொல்ல முடியாது.