பழைய ஃப்ரிட்ஜ் கரண்டைத் தட்டிவிடுகிறதா?
காரைக்குடியில் எங்கள் வீட்டின் உள்பக்கம், இரண்டாம் கட்டுப் பகுதியில் இருக்கும் பழைய ஃப்ரிட்ஜ், போட்டதும் ஒழுங்காக ஓடும். சில மணி நேரம் கழித்து ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடும். அந்த இடைவெளிதான் துப்பு. ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜில் பனி உருக்கும் ஹீட்டர் அவ்வப்போது தானாக ஓடும். அதில் ஈரம் இறங்கினால் மின்சாரம் எர்த்துக்குக் கசியும். 30 மில்லி ஆம்பியர் கசிவே போதும், விழுந்துவிடும். கம்ப்ரஸர் கிளம்பும்போதே விழுந்தால் கம்ப்ரஸரையும் அதைக் கிளப்பிவிடும் ரிலேயையும் பார்க்க வேண்டும்.

முதலில் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். அப்புறமும் விழுந்தால் கோளாறு வேறெங்கோ. முற்றம் வைத்த பழைய வளவு வீடுகளில் வயரிங்கையும் சோதிக்கச் சொல்லுங்கள். பிளக்கைப் பிடுங்கியதும் விழுவது நின்றுவிட்டால், மெக்கானிக்கிடம் ஹீட்டரை மெக்கர் (கசிவைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்களுக்கு ஹீட்டர் மாற்றியதும் சரியானது.

தயவுசெய்து எர்த் வயரை மட்டும் கழற்றிவிடாதீர்கள். ஈரக் கையோடு ஃப்ரிட்ஜைத் திறக்கும் ஆச்சியின் உயிருக்கு அதுதான் காவல்.