ஓவர்க்ளாக் செய்யும் முன் டர்போ முழுதாகக் கிடைக்கிறதா?

இன்டெலின் கோர் ஐ9-9900கே பிராசஸர் பெட்டியில் 5 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரோ பேஸ் ஸ்பீடு 3.6 என்று காட்டும். இரண்டும் சரிதான். 95 வாட்டுக்குள் எல்லாக் கோர்களும் ஓட உத்தரவாதமுள்ள வேகம் 3.6. ஒன்றிரண்டு கோர்களுக்கு மட்டும் வேலை இருந்தால் 5 வரை போகும். எட்டுக் கோர்களும் ஓடினால், மின்வரம்பு இடம் கொடுக்கும்வரை 4.7. இந்த ஏற்ற இறக்கம்தான் டர்போ பூஸ்ட். மின்சாரம், வெப்பம், விழித்திருக்கும் கோர்கள் ஆகியவற்றைப் பார்த்து சிப்பே முடிவெடுக்கிறது. வாரண்டி அப்படியே இருக்கும். ஓவர்க்ளாக்கில் அந்த முடிவை நீங்கள் எடுக்கிறீர்கள். 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கடிகாரத்தைப் பெருக்கும் எண்ணை 47-இலிருந்து 50 ஆக்கி, போதாவிட்டால் வோல்டேஜையும் ஏற்றுகிறீர்கள்.

முதலில் டர்போவைச் சோதியுங்கள். பலருக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும். சிப்பின் அளவுகளைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வைத்து, எல்லாக் கோர்களுக்கும் வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் ஆர்23 சோதனையை 10 நிமிடம் ஓட்டுங்கள். கோர் வேகம், பேக்கேஜ் பவர் (சிப் முழுவதும் எடுக்கும் மின்சாரம்), வெப்பநிலை மூன்றையும் கவனியுங்கள்.

கொஞ்ச நேரம் வேகமாக ஓடிவிட்டு, பிறகு வேகம் சரிந்து பவர் ஒரே எண்ணில் ஒட்டிக்கொண்டால் அது மின்வரம்பு. ஐ9-10900கே-க்கு இன்டெல் சொல்வது 56 விநாடிக்கு 250 வாட், அதன்பின் 125 வாட். மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் 250 வாட் பிஎல்2, 56 விநாடி டாவ், 125 வாட் பிஎல்1 என்ற பெயர்களில் இருக்கும். பவர் வரம்பைத் தொடாமலேயே வெப்பம் 100 டிகிரியைத் தொட்டால் குறை கூலரில்: பேஸ்ட், விசிறி, சரியாக இறுக்காத திருகு. பேஸ் ஸ்பீடைத் தாண்டவே இல்லையென்றால் விண்டோஸ் பவர் பிளானில் ‘மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்’ 99 சதவீதமாக இருக்கிறதா பாருங்கள். அந்த ஒரு சதவீதம் டர்போவையே அணைத்துவிடும்.

தலைகீழான சிக்கலும் உண்டு. ஒற்றைக் கோருக்கான உச்ச வேகத்தைச் சில மதர்போர்டுகள் ‘மல்டிகோர் என்ஹான்ஸ்மென்ட்’ என்ற பெயரில் எல்லாக் கோர்களுக்கும் தாமாகவே கொடுத்துவிடும். டர்போ என்று நினைத்துக்கொண்டிருப்போம், அது ஓவர்க்ளாக். காரணமில்லாமல் கொதித்தால் இதை அணையுங்கள்.

இதற்கு மேலும் வேகம் வேண்டுமென்றால், இன்டெலில் பெருக்கும் எண் பூட்டப்படாத கே வகை சிப்பும், அதை மாற்றவிடும் இசட் வகை மதர்போர்டும் தேவை. மேலே சொன்ன இரண்டு தலைமுறைகளுக்கும் (9900கே, 10900கே) 1.25 வோல்ட்டில் தொடங்கி, பெருக்கும் எண்ணை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் 10 நிமிடச் சோதனை. உறைந்தாலோ நீலத்திரை வந்தாலோ 0.01 வோல்ட் கூட்டுங்கள். 1.35 வோல்ட் அல்லது 90 டிகிரி, எது முதலில் வந்தாலும் அங்கே நிறுத்துங்கள். எச்டபிள்யூஇன்ஃபோவில் வீயா (விண்டோஸ் பதிவுசெய்யும் வன்பொருள் பிழைகள்) பிழைக் கணக்கு பூஜ்யமாக இல்லாவிட்டால், உறையாமல் ஓடினாலும் அந்த அமைப்பு நிலையானதல்ல. கணினி பூட்டே ஆகாவிட்டால், பயாஸ் அமைப்புகளைச் சேமித்து வைத்திருக்கும் சிமாஸை அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

கணக்கையும் பார்த்துவிடுங்கள். மின்செலவு வேகத்தோடும் வோல்டேஜின் இருமடியோடும் ஏறும். 1.20 வோல்ட்டில் 4.7 ஓடுவதை 1.30 வோல்ட்டில் 5.0 ஆக்கினால் வேகம் கூடுவது சுமார் 6 சதவீதம், மின்செலவு 25 சதவீதம்.

ஏஎம்டியின் ரைசன் சிப்களில் எல்லாக் கோர்களையும் ஒரே வேகத்தில் பூட்டுவது பெரும்பாலும் நஷ்டம். ரைசன் 9 5950எக்ஸ் ஒற்றைக் கோரில் 4.9 வரை தானாகவே போகும், 4.4-இல் பூட்டினால் ரெண்டரிங் கொஞ்சம் வேகமாகும், மற்ற வேலையெல்லாம் மந்தமாகும். பயாஸில் மின்வரம்பைத் தளர்த்தும் பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவை இயக்கி, கோர்களின் வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 10 கொடுத்துப் பாருங்கள். பூஸ்ட் வேலை சிப்பிடமே இருக்கும். ஆனால் இதுவும் வாரண்டிக்கு வெளியேதான். இதில் கோளாறு கடும் சோதனையில் தெரியாது. சும்மா இருக்கும்போது ஒரு கோர் திடீரென உச்சத்துக்குத் தாவும், அப்போதுதான் கணினி ரீஸ்டார்ட் ஆகும். அப்படி ஆனால், எந்தக் கோர் என்று வீயா பதிவில் பார்த்து, அதற்கு மட்டும் மைனஸ் 5 ஆக மாற்றுங்கள்.