ஆட்டிசமும் தீவிர ஆர்வங்களும்: சுற்றியிருப்பவர்கள் செய்யும் தவறுகள்

பிள்ளைக்கு ஆட்டிசம் என்று தெரிந்து, அவன் எந்நேரமும் ஒரே விஷயத்திலேயே மூழ்கிக் கிடக்கிறான் என்பதையும் கவனித்த பெற்றோர் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "இதை எப்படிக் குறைப்பது?" ரயில் அட்டவணை, டைனோசர், மின்விசிறி, பழைய நாணயம், நாடுகளின் கொடி, லிஃப்ட் என்று விஷயம் எதுவானாலும் கேள்வி மாறுவதில்லை. அக்கறையில் கேட்கிற கேள்விதான். ஆனால் மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

குறைத்தே ஆகவேண்டும் என்று நினைப்பது

இப்படி நினைக்கப் பழக்கியதில் மருத்துவத்துக்கும் பங்கு உண்டு. மனநல மருத்துவர் லியோ கேனர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்தைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. அன்றிலிருந்தே பொருள்கள் மீதான ஈடுபாடு நோயின் அடையாளங்களில் ஒன்றாகவே பேசப்பட்டது. மனநல நோயறிதலுக்காக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடும் அளவுக்கு மீறிய தீவிரம் கொண்ட குறுகிய ஆர்வங்களை அறிகுறிப் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. மருத்துவர் ஆட்டிசத்தை அடையாளம் காண்பதற்காக எழுதப்பட்ட பட்டியல் அது. அந்த ஆர்வம் அந்த மனிதருக்கு என்ன தருகிறது என்பதை அதில் தேடினால் கிடைக்காது.

அதைப் புரிந்துகொள்ள மோனோட்ரோபிசம் என்ற கருத்து உதவுகிறது. டைனா மரே, மைக் லெஸர், வென் லாசன் மூவரும் 2005இல் இதை விரிவாக எழுதினார்கள். லாசனே ஆட்டிசம் உள்ளவர். யாருக்கும் கவனம் ஓர் அளவுக்குத்தான் இருக்கும். பலருக்கு அது ஒரே சமயத்தில் நாலைந்து விஷயங்களில் மெல்லிசாகப் பரவும். ஆட்டிசம் உள்ளவருக்கு ஒன்றிரண்டில் ஆழமாக இறங்கும். இறங்கிய இடத்தில் தெளிவும் நிம்மதியும் மகிழ்ச்சியும் இருக்கும். சத்தமும் கூட்டமும் எதிர்பாராத மாற்றங்களும் நாள் முழுக்கப் படுத்திய பிறகு மனம் ஓய்வெடுப்பது அங்கேதான்.

2018இல் ரேச்சல் குரோவும் சக ஆய்வாளர்களும் ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் நடத்திய ஆய்வில், இத்தகைய ஆர்வங்கள் மனநலத்தோடும் வாழ்க்கை நிறைவோடும் சேர்ந்தே காணப்பட்டன. தீவிரம் மிக அதிகமாகப் போனபோது மட்டும் நிலைமை வேறாக இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆகவே கேள்வியை மாற்றிப் பாருங்கள். இவன் சாப்பிடுகிறானா, தூங்குகிறானா, யாருக்காவது ஆபத்து இருக்கிறதா, அவனுக்கு அது சந்தோஷம் தருகிறதா? இவற்றில் பிரச்சினை இல்லையென்றால் குறைக்க வேண்டியது எதுவும் இல்லை. பிரச்சினை இருந்தாலும் அந்தப் பிரச்சினையைத்தான் கையாள வேண்டும், ஆர்வத்தை அல்ல.

ஆர்வத்தில் மூழ்கியிருப்பவனை இடையில் எழுப்பும்போதும் இதை மனதில் வைக்க வேண்டும். "உடனே எழுந்து வா" என்று சொல்லிப் புத்தகத்தை மூடினால் வரும் அழுகையைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்கிறோம். ஆழத்திலிருந்து வெளியே வர அவனுக்கு நேரம் வேண்டும். முன்கூட்டியே சொல்லுங்கள். இன்னும் 10 நிமிடம் என்பதைவிட, "இந்தப் பக்கத்தை ஒட்டி முடித்ததும் கிளம்பலாம்" என்று வேலையின் ஒரு முடிவைக் காட்டுவது பல பேருக்கு எளிதாக இருக்கிறது.

பரிசாகவும் தண்டனையாகவும் பயன்படுத்துவது

"வீட்டுப்பாடம் முடித்தால்தான் ஸ்டாம்ப் ஆல்பம்." "இன்று அடம்பிடித்தாய், அதனால் கார்கள் இரண்டு நாளைக்கு அலமாரிக்கு மேலே." இந்தத் தவறு வீட்டிலும் வகுப்பிலும் தெரபி அறையிலும் நடக்கிறது. சீக்கிரம் பலன் தருவதால் சரியான முறை போலவும் தெரிகிறது. என் பார்வையில் எல்லாவற்றிலும் அதிகச் சேதம் செய்வது இதுதான்.

மனதைச் சமன்படுத்திக்கொள்ள அவனிடம் இருக்கும் ஒரே நம்பகமான வழியை, மனம் சமனிழந்திருக்கும் நேரத்தில் பிடுங்குகிறோம். அடம் என்று நாம் பார்த்தது தாங்க முடியாத சத்தத்தின் விளைவாகவும் இருக்கலாம். தணிவதற்கு ஆல்பம் தேவைப்பட்ட அந்த வேளையில் ஆல்பம் மறைந்துவிடுகிறது. இன்னொன்றும் நடக்கிறது. தனக்குப் பிடித்தது எது என்று பெரியவர்களுக்குத் தெரிந்தால் அது ஆயுதமாகிவிடும் என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. அப்புறம் ஆர்வத்தை ஒளிக்கத் தொடங்குகிறது. பள்ளியில் எதிலும் நாட்டமில்லாதவன் போல நடந்து, வீட்டுக்கு வந்து உடைந்துபோகும் பிள்ளைகளில் சிலருக்கு இது ஒரு காரணம்.

ஆர்வத்தைப் பாடத்துக்குள் கொண்டுவருவது வேறு விஷயம், நல்ல விஷயம். ரயில் நேரங்களை வைத்துக் கணக்கு, கொடிகளை வைத்துப் புவியியல் என்று சொல்லிக்கொடுக்கலாம். உளவியலாளர் டேனியல் லெகாஃப் 2004இல் லெகோ கட்டைகளைக் கொண்டு ஒரு குழுமுறையை விவரித்தார். ஒரு குழந்தை வரைபடத்தைப் பார்த்துச் சொல்லும், இன்னொன்று கட்டைகளைத் தேடி எடுத்துக் கொடுக்கும், மூன்றாவது பொருத்தும். பேச வேண்டிய அவசியம் விருப்பமான வேலைக்குள்ளேயே இயல்பாக வந்துவிடும். ஆனால் எல்லா நேரமும் இப்படியே செய்யக்கூடாது. விளையாட எடுக்கும் ஒவ்வொரு டைனோசரையும் "எத்தனை கால், எண்ணு பார்க்கலாம்" என்று பாடமாக்கினால் அவனுக்கென்று மிச்சம் எதுவும் இருக்காது.

சேகரிப்பில் கைவைப்பது

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே மாதிரி ஏழு பொம்மைக் கார்கள். சேகரிப்பவருக்கு ஒன்றின் சக்கரம் வேறு, இன்னொன்றின் அடியில் பொறித்த எழுத்து வேறு, மூன்றாவது முன்பு தொலைந்து திரும்பக் கிடைத்தது. ஒரே மதிப்புள்ள இரண்டு நாணயங்களில் ஆண்டுக்குக் கீழே இருக்கும் சின்னப் புள்ளியோ வைர வடிவமோ அவை வெவ்வேறு நாணயச்சாலைகளில் அச்சானவை என்று காட்டலாம். "இதுதான் ஏற்கெனவே இருக்கிறதே" என்று சொல்லி ஒன்றை உறவினர் வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிடுவது அதனால்தான் அவ்வளவு வலிக்கிறது.

அடுக்கிவைத்திருக்கும் வரிசையும் சேகரிப்பின் ஒரு பகுதியே. நிறம், ஆண்டு, அளவு, கிடைத்த நாள், அல்லது நமக்குப் பிடிபடாத ஏதோ ஓர் ஒழுங்கு அதில் இருக்கும். தூசி தட்டிவிட்டு "அழகாக" மாற்றி அடுக்கினால் பல மாத வேலை கலைந்துபோகும். சுத்தம் செய்தாக வேண்டுமென்றால் முதலில் ஒரு புகைப்படம் எடுங்கள், அல்லது அவரையே எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

உதவி என்ற பெயரில் நடக்கும் சேதமும் உண்டு. பழைய நாணயத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் அதன் மேல் காலம் ஏற்றிய படலமும் நுட்பமான பரப்பும் போய்விடும். சேகரிப்பாளர்களிடையே அதன் மதிப்பும் குறையும். மென்மையான பிவிசி உறைகளில் நாணயங்களை நெடுநாள் வைத்தால் பச்சையான பிசுபிசுப்புப் படியும். அந்த ஆர்வத்துக்குள் இருப்பவருக்கு இதெல்லாம் தெரியும். கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்.

எல்லாச் சேகரிப்பும் பொருளாகவும் இருக்காது. பஸ் தட எண்களின் பட்டியல், லிஃப்ட் ஓசைகளின் பதிவுகள், ஆயிரக்கணக்கான ஸ்கிரீன்ஷாட்கள், மனதிலேயே வைத்திருக்கும் நிலநடுக்க விவரங்கள், எல்லாம் சேகரிப்புதான். போனில் இடமில்லை என்று கேட்காமல் அழித்த ஒரு ஃபோல்டரும் குப்பையில் போட்ட ஆல்பமும் ஒன்றே.

இடம் உண்மையிலேயே போதவில்லையென்றால் சேர்ந்து முடிவெடுக்கலாம். இந்த அலமாரி முழுக்க உன்னுடையது, நிரம்பினால் எதை வைப்பது எதை எடுப்பது என்பதை நீ முடிவு செய் என்பது தெளிவான எல்லை. பலரால் அதை ஏற்க முடியும். தூங்கும்போது ரகசியமாக அப்புறப்படுத்துவது மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் வேண்டாம். போன நம்பிக்கையை அலமாரி வாங்கிக் கொடுத்து மீட்க முடியாது.

ஓசிடி, பொருள் குவிக்கும் கோளாறு என்று தாமே முடிவுகட்டுவது

ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயில் வரும் எண்ணங்கள் பொதுவாக வேண்டாத எண்ணங்கள். செய்யாவிட்டால் ஏதோ நடந்துவிடும் என்ற பயம் செயலைத் தூண்டும். தீவிர ஆர்வத்தில் இழுப்பது விருப்பம். பொருள் குவிக்கும் கோளாறு 2013இல் டிஎஸ்எம்-5இல் தனி நோயறிதலாக இடம்பெற்றது. அதில் எதையும் விட முடியாத வேதனை இருக்கும், வாழும் அறைகள் புழங்க முடியாமல் அடைந்துபோகும். சேகரிப்பில் பெரும்பாலும் தேர்வும் ஒழுங்கும் இருக்கும். ஆனால் ஆட்டிசம் உள்ளவருக்கு இவையும் கூடவே வரக்கூடும். அந்தப் பொருளோடு இருக்கும்போது அவர் முகத்தில் மகிழ்ச்சிக்குப் பதில் பதற்றம்தான் தெரிகிறதென்றால் ஆட்டிசம் தெரிந்த மனநல மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

தீவிர ஆர்வம் என்றால் ரயில் மட்டும்தான் என்று நினைப்பது

நாய், குதிரை, ஒரு பாடகி, ஒரு கதைத்தொடர் என்று ஆர்வம் மற்றப் பிள்ளைகளுடையதைப் போலவே இருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெண் பிள்ளைகள் பலருக்கு ஆட்டிசம் தாமதமாகக் கண்டறியப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே விஷயம் வித்தியாசமானதாக இருக்காது, ஆழம்தான் வித்தியாசம்.

பேசாத குழந்தைகளின் ஆர்வம் இதைவிடவும் கவனிக்கப்படுவதில்லை. நூல், ஓடும் தண்ணீர், சுழலும் மூடி, இலைகளின் விளிம்பு போன்றவற்றில் அவர்கள் காட்டும் ஈடுபாட்டை "சும்மா எதையோ செய்கிறான்" என்று தள்ளிவிடுகிறோம். பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் பார்ப்பதை நாமும் பார்ப்பது, ஒன்றும் சொல்லாமல் பார்ப்பது, உறவு தொடங்க நல்ல இடம்.

வயதைச் சொல்லி வெட்கப்படுத்துவதும் இதே வகைத் தவறு. 30 வயதில் பொம்மைகள் பிடிப்பதால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

பேச்சைச் சகித்துக்கொள்வது போல நடிப்பது

ஒரு விஷயத்தைப் பற்றி அரைமணி நேரம் நிறுத்தாமல் சொல்வது பலருக்கு அன்பைக் காட்டும் முறை. தன்னிடம் இருப்பதில் மிகச் சிறந்ததை உங்களுக்குக் கொடுக்கிறார். கடிகாரத்தைப் பார்ப்பது, கொட்டாவி விடுவது, "ம்ம்" என்று இழுப்பது போன்ற குறிப்புகள் அவரை எட்டாமல் போகலாம். எட்டினால் காயப்படுத்தும். நேராகவே சொல்லுங்கள்: "சாப்பாடு வரை கேட்கிறேன், மீதியை ராத்திரி சொல்." சொன்னபடி ராத்திரி கேளுங்கள்.

ஆட்டிசம் உள்ளவருக்குத் தொடர்புகொள்ளவே தெரியாது என்ற எண்ணத்தை, தாமே ஆட்டிசம் உள்ள ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் கேள்விக்குட்படுத்தினார். புரியாமை இரு பக்கமும் இருக்கிறது என்பது அவர் வாதம். கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் ஒரு கதையை ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னபோது, ஆட்டிசம் இல்லாதவர்கள் தங்களுக்குள் சொன்ன அளவுக்கே விவரங்கள் போய்ச் சேர்ந்தன. இருவகையினரும் கலந்த வரிசையில்தான் அதிகம் விடுபட்டது. அதே ஆர்வம் உள்ள இன்னொருவரைத் தேடிக் கொடுப்பது பல சமூகத்திறன் வகுப்புகளைவிட மேல் என்று நான் நினைப்பதற்கு இதுவும் காரணம்.

மேதையை எதிர்பார்ப்பது

ஆட்டிசம் உள்ள அமெரிக்க விலங்கியல் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின் மாடுகள் மீதான கவனத்தைத் தொழிலாக்கினார், இயற்கையியலாளர் கிறிஸ் பேக்கமும் அப்படித்தான் என்ற கதைகள் தெம்பு தருபவை. அவையே நிபந்தனையாக மாறக்கூடாது. அசாதாரணத் திறமை உள்ளவர்கள் ஆட்டிசத்தில் சிறுபான்மையினர். பாட்டில் மூடி சேர்ப்பவர் அதில் சம்பாதிக்கவோ போட்டியில் ஜெயிக்கவோ தேவையில்லை.

எல்லையே வைக்காமல் விட்டுவிடுவது

மதிக்கிறோம் என்று சொல்லிக் கைகழுவுவதும் தவறுதான். முதலில் உடம்பு. ஆழ்ந்திருக்கும்போது பசி, தாகம், சிறுநீர் உணர்வு பலருக்குத் தெரிவதே இல்லை. தண்ணீரைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பதும், சாப்பாட்டு நேரத்துக்கு அலாரம் வைப்பதும் போதுமானதாக இருக்கலாம். தூக்கம் தொடர்ந்து கெட்டால் அதைக் கவனிக்க வேண்டும்.

அப்புறம் பணம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் பெட்டிகள், விளையாட்டுகளுக்குள் விற்கும் அட்டைகள், ஆன்லைன் ஏலங்கள் எல்லாம் தொகுப்பை முடிக்க வேண்டும் என்ற தவிப்பைக் குறிவைத்தே அமைக்கப்பட்டவை. மாதத் தொகையை முன்பே பேசி வைப்பது உதவும். அதே ஆர்வம் இருப்பதாகச் சொல்லி நட்பாகி, போலிப் பொருளை விற்பவர்களும் பணம் பறிப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதையும் தெளிவாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பட்டன் பேட்டரி, சக்திவாய்ந்த சின்னக் காந்தங்கள் போன்றவற்றை வாயில் வைக்கும் பழக்கம் உள்ளவரிடம் விட்டுவைக்கக்கூடாது. விழுங்கிய பட்டன் பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இயற்கைப் பொருள்கள் சேர்ப்பவர் பறவை முட்டை, சில உயிரினங்களின் பாகங்கள் போன்றவற்றை வைத்திருப்பதே பல நாடுகளில் குற்றம் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

ஆர்வம் ஒரு மனிதர் மீதே இருந்தால் கூடுதல் கவனம் தேவை. வகுப்புத் தோழியோ ஆசிரியரோ ஒருவரைப் பற்றிய எல்லா விவரங்களையும் சேர்ப்பதும் பின்தொடர்வதும் அவரைப் பயமுறுத்தும். திட்டாமல், சாடைமாடையாகவும் பேசாமல், எது சரி எது கூடாது என்று குறிப்பாக எழுதியே கொடுக்கலாம்.

ஆர்வம் முடிந்துபோகும்போது

சில ஆர்வங்கள் வாழ்நாள் முழுக்க இருக்கும், சில மூன்று மாதத்தில் போய்விடும். "இவ்வளவு செலவு செய்து வாங்கிக் கொடுத்தோமே" என்று குத்திக்காட்ட வேண்டாம். போன ஆர்வத்தை நினைத்து அவரே துக்கப்படவும் கூடும். பழைய பெட்டியையும் உடனே அப்புறப்படுத்தாதீர்கள், சிலர் வருடங்கள் கழித்துத் திரும்பி வருவார்கள்.

ஒன்று போய் வேறொன்று வராமல், எதிலுமே மனம் ஒட்டாத நிலை வந்தால் அதை "சரியாகிவிட்டான்" என்று நினைப்பது ஆபத்து. மனச்சோர்வோ, நீண்டகாலம் தன்னை மறைத்து நடந்ததால் வரும் கடும் களைப்போ காரணமாக இருக்கலாம். அப்போது பழைய ஆல்பத்தை எடுத்து முன்னால் வைத்து வற்புறுத்துவதால் பயன் இல்லை. பள்ளி, வேலை, விருந்து என்று அவர் மீதுள்ள சுமையில் எதைக் குறைக்க முடியுமோ அதைக் குறைத்து, மருத்துவரைப் பார்க்க நாள் குறியுங்கள்.