மழை நாளில் ஒரு விண்கலப் போர்

குன்னூரில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பிள்ளைகளை வெளியே விட முடியாது. அந்த நாட்களுக்கு ‘ஃபுல் த்ரஸ்ட்’ என்ற, மேசைமேல் ஆடும் விண்கலப் போர் விளையாட்டு அருமையாகப் பொருந்தும். விதிகளை இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

பொம்மைக் கலங்களை உடனே வாங்காதீர்கள். தைல மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் காய்களே போதும். பெரியது போர்க்கலம், சின்னது காவல் கலம். முன்பக்கம் தெரிய ஒரு பொட்டு வைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் இன்றும் அவைதான் பறக்கின்றன.

முதல் ஆட்டத்துக்கு ஆளுக்கு இரண்டு கலம், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் நகர்வை ரகசியமாக எழுதிக்கொண்டு, ஒரே நேரத்தில் நகர்த்த வேண்டும். திசைகள் கடிகாரத்தைப் போல 12. வேகம் தானாகக் குறையாது, விண்வெளி அல்லவா! போன சுற்றில் 8 அங்குலம் என்றால் இப்போதும் 8தான். எஞ்சின் பலத்தைச் செலவழித்துத்தான் கூட்டவோ குறைக்கவோ முடியும். இது பிடிபட்டுவிட்டால் பாதி விளையாட்டு கைவந்த மாதிரி.

சுடும்போது பகடையில் 4, 5 விழுந்தால் எதிரிக் கலத்துக்கு 1 புள்ளி சேதம், 6 விழுந்தால் 2. கவசம், ஏவுகணை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மேசை சின்னதா? சரி, அங்குலத்துக்குப் பதில் சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள்.